நிலாவில் அணு உலை: சூட்டை எங்கே கொட்டுவது?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கரண்ட் போகும். அது எங்கள் பக்கத்துப் பழைய வேடிக்கை. அப்படிக் கரண்ட் போன ஒரு ராத்திரி வீட்டில் எல்லோரும் மாடிக்கு ஏறிவிட்டோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்திருக்கும். பத்தாவது படிக்கும் அக்கா மகன் நிலாவைக் காட்டி, "மாமா, அங்க அணு உலை வைக்கப் போறாங்களாமே, நிஜமா?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "வைக்கட்டும். தண்ணிக்கு எங்க போவாங்களாம்?"

"அணு உலைக்கு எதுக்குத் தாத்தா தண்ணி? யுரேனியம்தானே வேணும்?"

"அடுப்பைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவான். கண்டென்சரைப் பத்தி எவனும் பேச மாட்டான்" என்றார் சித்தப்பா. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைத் தண்ணீரால் குளிர வைக்கும் இடம்தான் கண்டென்சர்.

நிலாவில் அணு மின்சாரம் எடுப்பதில் சிக்கல்கள் நிறைய. ஆனால் என்னைக் கேட்டால், அவற்றில் பாதிக்கு மேல் சித்தப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையும் அதைச் சுற்றியேதான் போகும்.

சூரியன் இருக்க அணு எதற்கு?

பையன் கேட்ட செய்தி நிஜம்தான். 2025 ஆகஸ்டில், அப்போது நாசாவின் பொறுப்புத் தலைவராக இருந்த ஷான் டஃபி, 100 கிலோவாட் அணு உலை ஒன்றை 2030க்குள் நிலாவுக்கு அனுப்பத் தயாராக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்து 2030களின் நடுவில் அங்கே ஓர் அணுமின் நிலையம் அமைக்கப் போவதாகச் சொல்லியிருக்கின்றன.

100 கிலோவாட் என்பது நம் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஒன்றரை டன் ஏசி அறுபது, எழுபது ஒரே நேரத்தில் ஓடினால் அவ்வளவு ஆகிவிடும். கல்பாக்கத்தில் இருக்கும் பழைய உலைகள் ஒவ்வொன்றும் 220 மெகாவாட். அதில் இரண்டாயிரத்து இருநூறில் ஒரு பங்குதான் இந்த 100 கிலோவாட்.

இந்தச் சுண்டைக்காய் மின்சாரத்துக்குச் சோலார் பேனல் போதாதா என்றால், பகலில் போதும். நிலாவில் பகல் நம் கணக்குக்கு சுமார் 14 நாள், ராத்திரியும் அதே அளவு. ஒரு ராத்திரி ஏறக்குறைய 354 மணி நேரம். 100 கிலோவாட்டை அத்தனை மணி நேரமும் கொடுக்க வேண்டுமென்றால் 35,400 யூனிட். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் நிற்பது சுமார் 1.8 யூனிட். அந்தக் கணக்கில் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் பேட்டரி வேண்டும். விண்கலத்தில் போவது இதைவிட எடை குறைந்த லித்தியம் பேட்டரிதான். அப்படியும் நூறு டன்னைத் தாண்டிவிடும்.

அந்த ராத்திரி எவ்வளவு கொடுமையானது என்பதை நாமே பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டரும் பிரக்யான் ரோவரும் ஒரு நிலாப் பகலுக்காகச் செய்யப்பட்டவை. செப்டம்பர் தொடக்கத்தில் தூங்க வைத்தார்கள். மறுபடி விடிந்தபோது எழுப்பிப் பார்த்தார்கள்; எழவில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் மத்தியானம் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடம், ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரிக்கும் கீழே போகும்.

தென்துருவத்தில் சில மேட்டு விளிம்புகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் படுகிறது, அங்கே சோலார் ஓரளவு சமாளிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எல்லோரும் தேடிப் போகும் பனிக்கட்டி இருப்பதோ பக்கத்தில் வெயிலே படாத பள்ளங்களில்.

அணு என்றால் இரண்டு வகை

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிலாவுக்கு அணு சக்தி ஏற்கெனவே போயிருக்கிறது. 1969 நவம்பரில் அப்போலோ-12 வீரர்கள் புளூட்டோனியம்-238 வைத்த ஒரு கருவியைக் கொண்டுபோனார்கள். அது உலை இல்லை. புளூட்டோனியம் தானாகவே சிதைந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும்; அந்தச் சூட்டிலிருந்து சுமார் 70 வாட் மின்சாரம். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சரியாக இருக்கும். ஆனால் ராத்திரியிலும் நிற்காது. அப்போலோ வைத்துவிட்டு வந்த கருவிகள் 1977இல் நாமாக நிறுத்தும்வரை தகவல் அனுப்பின.

அதைப் பூட்டிய கதை சுவாரசியமானது. எரிபொருள் குச்சியைப் பெட்டியிலிருந்து உருவி எடுக்க ஆலன் பீன் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கொதிக்கும் சூட்டில் உள்ளேயே இறுகிக்கொண்டது. கடைசியில் பீட் கான்ராட் பெட்டியைப் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டத் தட்ட, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நிலாவில் நடந்த முதல் அணு மின்சார ரிப்பேர், நம் மெக்கானிக் கடைப் பாணியில் நடந்திருக்கிறது.

இப்போது பேசுவது அடுத்த வகை: நிஜமான உலை. யுரேனியம் அணு பிளந்து, அதிலிருந்து வரும் நியூட்ரான் அடுத்ததைப் பிளந்து, அந்தத் தொடர் வினையைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற உலை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் கிரஸ்டி என்ற சோதனை உலையை 28 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் யுரேனிய மையம் சமையலறை டிஷ்யூ ரோல் அளவுதான். 800 டிகிரி வரை சூடேறியது. ஆக, அடுப்பு சின்னதாகக் கிடைத்துவிட்டது. சித்தப்பா சொன்ன மாதிரி, அடுப்பைப் பற்றி எல்லோரும் பேசலாம்.

கண்டென்சர் கதை

நிலக்கரியோ யுரேனியமோ, சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த நிலையமும் அந்தச் சூடு முழுவதையும் மின்சாரமாக்க முடியாது. மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏன் விசையோடு கொட்டுகிறது? தொட்டி மேலே, குழாய் கீழே இருப்பதால். சூடும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போது வழியில் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்ளலாம், மீதியைக் கீழே விட்டே ஆக வேண்டும். கீழே விட இடமில்லையென்றால் மேலேயிருந்து இறங்காது, டர்பைன் சுற்றாது.

நம் பக்கத்து நிலையங்களில் எரியும் நிலக்கரிச் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகும், பெரும்பகுதி கண்டென்சரில் தண்ணீரோடு போகும். மின் நிலையங்கள் அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் வந்து உட்கார்ந்ததற்கு நிலக்கரி இறக்கும் துறைமுகம் ஒரு காரணம், கடல் தண்ணீர் இன்னொரு காரணம். கல்பாக்கம் கடலோரத்தில் இருப்பதும் இதற்காகத்தான். முகத்துவாரத்தில் வலை போடும் ஆட்களிடம் போய் 'மிச்சச் சூடு' என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டாம். தண்ணீர் எங்கே வெதுவெதுப்பாக வருகிறது, அங்கே மீன் எப்படி ஒதுங்கிப் போகிறது என்று அவர்கள் காலில் பட்டே தெரிந்தவர்கள்.

நிலாவில் கடல் இல்லை, ஆறு இல்லை, காற்றும் இல்லை.

"அங்கதான் ஒரே குளிராச்சே? அதுவே ஆறிடாதா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி, பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். டீக்கடைக்காரர் டீயை எப்படி ஆற்றுகிறார்? தூக்கி ஊற்றும்போது காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. காசிமேட்டில் விடியற்காலை டீ விற்பவர் பிளாஸ்க் வைத்திருப்பது ஏன்? அதன் இரண்டு சுவருக்கு நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தைத் தாண்டிச் சூடு சுலபமாகப் போகாது. நிலாவில் வைக்கும் எந்தப் பொருளும் பிளாஸ்குக்குள் இருக்கும் டீதான். சுற்றிலும் எவ்வளவு குளிர் இருந்தாலும் அது வந்து தொடாது.

சரி, மண்ணுக்குள் குழாய் பதித்துச் சூட்டை இறக்கலாமே? இதற்கு விக்ரமே பதில் அனுப்பியிருக்கிறது. அதிலிருந்த சாஸ்டே என்ற கருவி ஓர் ஊசியை நிலா மண்ணில் இறக்கிச் சூட்டை அளந்தது. மேலே சுமார் 50 டிகிரிக்கு மேல். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் அறுபது டிகிரி வித்தியாசம் என்றால், அந்த மண் சூட்டைக் கடத்தவே மாட்டேன் என்கிறது என்று பொருள். மீன் பெட்டியில் ஐஸ் உருகாமல் இருக்கத் தெர்மாகோல் வைப்போமே, அந்த ஜாதி. அதில் சூட்டைக் கொட்டினால் குழாயைச் சுற்றிய மண் மட்டும் சூடாகி அப்படியே நிற்கும்.

மிச்சம் ஒரே வழி: கதிர்வீச்சு. இங்கே கதிரியக்கத்தைச் சொல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் தொடாமலே முகத்தில் உறைக்கும் அந்த வெப்ப ஒளி. வெற்றிடத்தைத் தாண்டக்கூடியது அது ஒன்றுதான். பெரிய பெரிய தகடுகளை விரித்து வைத்து, அவற்றைச் சூடாக்கி, சூட்டை வானத்தைப் பார்த்து வீசவிட வேண்டும். இந்தத் தகடுதான் ரேடியேட்டர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெள்ளையாக மடிப்பு மடிப்பாக நீட்டிக்கொண்டிருப்பவை இவைதான். அவற்றின் பிரதானத் தொகுதி 70 கிலோவாட் வரை சூட்டை வெளியேற்றுகிறது.

நிலா உலைக்கு எவ்வளவு வேண்டும்? மாடியிலேயே போனில் கணக்குப் போட்டோம். நாலில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவாட் மின்சாரத்துக்கு 400 கிலோவாட் சூடு. அதில் 300 கிலோவாட்டைத் தொலைக்க வேண்டும். 127 டிகிரி சூட்டில் இருக்கும் நல்ல ரேடியேட்டர் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1.45 கிலோவாட் வீசும். அப்படியானால் 207 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் 2,200 சதுர அடிக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு! டிஷ்யூ ரோல் ஜாதி அடுப்புக்கு ஒரு கிரவுண்டு கண்டென்சர். இரண்டு பக்கமும் வீசும்படி நிறுத்தி வைத்தால் தகடு பாதியாகக் குறையும், ஆனால் வேறு வம்பு வரும்.

அந்த வம்பு வெயில். நிலாவில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் வெயில் சுமார் 1.36 கிலோவாட். நம் ரேடியேட்டர் வீசுவதே 1.45 என்று பார்த்தோம். கறுப்புத் தகட்டை மத்தியானத்தில் படுக்கப் போட்டால் கொடுப்பதும் வாங்குவதும் சரியாகிவிடும். அதனால்தான் வெயிலைத் திருப்பி அனுப்பி, வெப்பக் கதிரை மட்டும் நன்றாக வீசும் வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள். செங்குத்தாக நிறுத்தினால் உச்சி வெயில் படாது, ஆனால் துருவத்தில் சூரியன் உச்சிக்கே வராது. அடிவானத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரும், தகட்டின் முகத்தில்தான் அடிக்கும். போதாததற்குக் கொதிக்கும் தரையும் தன் பங்குக்குச் சூடு வீசும்.

தகட்டை இன்னும் சூடாக்கினால் என்ன? இங்கே இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. அறுதி வெப்பநிலை (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) இரண்டு மடங்கானால் வீசும் சூடு பதினாறு மடங்காகும். 127 டிகிரியை 227 ஆக்கினால் சதுர மீட்டருக்கு 3.5 கிலோவாட், ஒரு கிரவுண்டு சுருங்கி ஒரு சின்ன ஃபிளாட் அளவாகிவிடும். ஆனால் மாடித் தொட்டிக் கணக்கை மறந்துவிடக் கூடாது. குழாயை உயர்த்திவிட்டால் விசை குறையும். கீழ்ச்சூடு ஏறினால் மின்சாரம் குறையும், தொலைக்க வேண்டிய சூடு கூடும். அதைச் சரிக்கட்ட மேற்சூட்டை ஏற்றினால் உலோகம் தாங்க வேண்டும், குழாய்க்குள் ஓடும் சோடியம் போன்ற திரவ உலோகம் அரிக்காமல் இருக்க வேண்டும். நிலா உலை வடிவமைப்பாளர்களின் பாதிப் பொழுது இந்த இழுபறியில்தான் போகும் என்று நினைக்கிறேன். இத்தனையையும் மடித்து ராக்கெட் மூக்குக்குள் அடக்கி, ஆளில்லாத இடத்தில் தானாக விரியவும் வைக்க வேண்டும்.

"கடல் தண்ணி எவ்வளவு சல்லிசு பார்த்தியா" என்றார் சித்தப்பா.

கொடியில் காயும் வேட்டி

எங்கள் பக்கம் வேட்டியை வெளுத்துக் கொடியில் போட்டால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். கரித்தூளோ சாம்பலோ வந்து உட்காரும். நிலாவில் அந்த வேலையை நிலாத் தூசி செய்யும். காற்றும் தண்ணீரும் உருட்டித் தேய்க்காத தூசி. ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர். வெயிலில் மின்னேற்றம் வேறு பெறுவதால், படிந்தால் தட்டினாலும் போகாது. வெள்ளை ரேடியேட்டர் மேல் படிந்தால் வெயிலை வாங்கும், சூடு ஏறும். அப்போலோ-17இல் ரோவரின் மட்கார்டு உடைந்து வாரியடித்த தூசியைத் தாங்க முடியாமல், வரைபடத் தாள்களை டேப் ஒட்டி மட்கார்டாக மாட்டினார்கள்.

இன்னொரு பாடமும் அதே அப்போலோ-12இலிருந்து. அது இறங்கிய இடத்துக்கு சுமார் 160 மீட்டர் தள்ளி, 1967இல் போன சர்வேயர்-3 நின்றிருந்தது. அதன் பாகங்களைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, இறங்கும் இன்ஜின் கிளப்பிய மணல் அதைச் சுரண்டியிருந்தது தெரிந்தது. தடுக்கக் காற்று இல்லாததால் கிளம்பிய துகள் வேகம் குறையாமல் போய் அடிக்கிறது. ஆக, உலைக்குப் பக்கத்தில் இன்னொரு விண்கலம் இறங்குவதே வம்பு.

கதிரியக்கத்துக்கு மறைப்பு

பூமியில் உலையைச் சுற்றி மீட்டர் கணக்கில் கான்கிரீட் போடுகிறோம். நிலாவுக்கு கான்கிரீட் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாசா முதலில் யோசித்த 40 கிலோவாட் உலைக்கு வைத்த எடை வரம்பே 6 டன்தான்.

மூன்று தந்திரங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, வீரர்கள் தங்கும் பக்கத்துக்கு மட்டும் மறைப்பு வைப்பது, குடையை வெயில் பக்கம் சாய்த்துப் பிடிப்பது போல. சுற்றிலும் காற்று இல்லாததால் கதிர் அதில் பட்டுச் சிதறித் திரும்பி வராது. இந்த விஷயத்தில் வெற்றிடம் நமக்கு நல்லது செய்கிறது. ஆனால் உலைக்குப் பின்பக்கம் யாரும் போகக் கூடாது. இரண்டாவது, தூரம். பத்து மடங்கு தள்ளிப் போனால் கதிர் நூறில் ஒரு பங்காகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடலாம், மெட்ரோவில் ஏறக்குறைய ஒரு ஸ்டேஷன் தூரம். அப்புறம் அந்த ஒரு கிலோமீட்டருக்கும் கேபிள் போட வேண்டும். மூன்றாவது, பள்ளம் தோண்டி உலையை இறக்கி மண்ணை மூடுவது. மண்ணுக்குப் பஞ்சமில்லை. தோண்டும் இயந்திரத்துக்கு மின்சாரம்? உலை ஓடினால் கிடைக்கும்! மேலும், அந்த மண் தெர்மாகோல் என்று இப்போதுதானே பார்த்தோம். கதிருக்கு மறைப்பு என்று போர்த்தியது சூட்டுக்கும் கம்பளியாகிவிடும். உலைக்கூடு வேகாமல் இருக்க அதற்குத் தனியாகக் குளிர்ச்சி வேண்டும். சுற்றிச் சுற்றி மறுபடி கண்டென்சரிலேயே வந்து நிற்கிறோம்.

ராக்கெட் விழுந்தால்?

அக்கா பயந்தது இதைக் கேட்டுத்தான். பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டை எங்கள் மாடியிலிருந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்; பயம் இயல்புதான்.

ஓடாத உலை அவ்வளவு ஆபத்தில்லை. யுரேனியம்-235இன் அரை ஆயுள் சுமார் 70 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவது என்பதால் புது யுரேனியத்தின் கதிரியக்கம் குறைவு. உலையை ஓட்டிய பிறகு உண்டாகும் பிளவுக் கழிவுகள்தான் விஷம். அதனால் நிலாவில் இறங்கும்வரை அதைப் பற்ற வைப்பதில்லை. கடலில் விழுந்து தண்ணீர் உள்ளே புகுந்தாலும் தொடர் வினை தொடங்காதபடி வடிவமைக்க வேண்டும் என்பது தனிச் சிக்கல். தண்ணீர் நியூட்ரானை மெதுவாக்கி வினைக்குத் துணை போகும். ஓட்டிய உலை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1978 ஜனவரியில் கிடைத்தது. சோவியத் யூனியனின் காஸ்மாஸ்-954 என்ற, அணு உலை வைத்த செயற்கைக்கோள் கனடா மேல் சிதறி விழுந்தது, கதிரியக்கத் துண்டுகளைப் பனியில் தேடித் திரிந்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. தானாக விழுந்து உலையை அணைக்க வேண்டிய கம்பி இருந்தால் அது இரண்டரை மடங்கு நேரம் எடுத்து விழும், எனவே ஸ்பிரிங் வைத்துத் தள்ள வேண்டும். நிலா நடுக்கங்களும் உண்டு, சில பத்து நிமிடத்துக்கு மேலும் நீடிக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை 1967 விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதத்தைத் தடுக்கிறது, உலையைத் தடுக்கவில்லை. அதே ஒப்பந்தம் நிலாவில் யாரும் இடம் பிடிக்கக் கூடாது என்கிறது. ஆனால் உலையை வைத்துவிட்டு, "ஒரு கிலோமீட்டருக்குள் வராதே, கதிர் இருக்கு" என்று சொன்னால் அது இடம் பிடித்ததா இல்லையா? என் கண்ணுக்கு அது பட்டா இல்லாமல் வேலி போட்ட மாதிரிதான் தெரிகிறது.

ரிப்பேருக்கு ஆள் கிடையாது என்பதைச் சித்தப்பாவே சொல்லிவிட்டார். 1965இல் அமெரிக்கா சுற்றுப்பாதைக்கு அனுப்பிய ஸ்னாப்-10ஏ உலை 43 நாளில் நின்றது. உலையில் கோளாறில்லை, விண்கலத்தின் மின்சாரப் பாகம் ஒன்று கெட்டது. இங்கேயாக இருந்தால் ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் ஸ்பேனரோடு போயிருப்பார்.

"சரி மாமா, பத்து வருஷம் ஓடி முடிச்சப்புறம்?"

எண்ணூரின் பழைய அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். நிலக்கரி போடுவதை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும், பாய்லர் ஆறிவிடும். அணு உலை அப்படி அணையாது. தொடர் வினையை நிறுத்திய அந்த நொடியிலும் பிளவுக் கழிவுகள் சிதைந்துகொண்டே இருப்பதால், முழுச் சூட்டில் சுமார் 6 சதவீதம் வந்துகொண்டேயிருக்கும். நம் 400 கிலோவாட் உலையில் அது 24 கிலோவாட். ஒரு நாளில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், ஆனால் பூஜ்யமாகாது. கழிவில் சீசியம்-137க்கு அரை ஆயுளே சுமார் 30 வருடம். யாரும் பிரித்தெடுத்துக் கொண்டுவரப் போவதில்லை. ஓடிய இடத்திலேயே விட்டுவிடுவதுதான் சுலபமான வழி.

சித்தப்பா கொஞ்ச நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அடுப்பை அணைச்சப்புறமும் கண்டென்சர் ஓடணும்னு சொல்லு" என்றார்.